இன்சூரன்ஸ் மோசடி: எஃப்.எஸ்.சி.ஏ. எச்சரிக்கையைப் படிப்பது, புகார் கொடுப்பது – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எங்கள் சங்கத்துக்கு வரும் பெரியவர்களுக்குப் பாலிசி காகிதங்களைப் படித்துச் சொல்வது என் வேலை. சாட்ஸ்வொர்த்தோ ஃபீனிக்ஸோ மெரிபேங்கோ, எங்கிருந்து வந்தாலும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். பெரும்பாலும் சாவுச் செலவுக்கென்று கட்டும் ஃபியூனரல் பாலிசியைப் பற்றியே கேட்பார்கள். பணம் போன பிறகு வருகிறவர்கள் அதிகம், கட்டுவதற்கு முன்பே வந்து கேட்பவர்கள் குறைவு. அந்த இரண்டாவது கூட்டம் பெருக வேண்டும் என்ற ஆசையில் இதை எழுதுகிறேன்.

எஃப்.எஸ்.சி.ஏ. என்பது யார்? போலீஸ் மாதிரியா?

போலீஸ் இல்லை. ஃபைனான்ஷியல் செக்டர் கண்டக்ட் அத்தாரிட்டி என்ற அரசு அமைப்பு அது. இதற்கு முன் இருந்த ஃபைனான்ஷியல் சர்வீசஸ் போர்டின் இடத்தில் 2018 ஏப்ரல் 1 முதல் இயங்குகிறது. 2017ஆம் ஆண்டுச் சட்டம் கண்காணிப்பு வேலையை இரண்டாகப் பிரித்தது. ஒரு கம்பெனிக்கு இன்சூரன்ஸ் நடத்த லைசன்ஸ் தருவதும், கிளெய்ம் வந்தால் கொடுக்க அதனிடம் பணம் இருக்கிறதா என்று பார்ப்பதும் ரிசர்வ் வங்கிக்குள் இருக்கும் புருடென்ஷியல் அத்தாரிட்டியின் பொறுப்பு. பாலிசியை விற்பவர்கள், ஆலோசனை சொல்பவர்கள், பிரீமியம் வாங்குபவர்கள் வாடிக்கையாளரிடம் ஒழுங்காக நடந்துகொள்கிறார்களா என்று பார்ப்பது எஃப்.எஸ்.சி.ஏ.

இதனால் நாமும் இரண்டு இடத்தில் பார்க்க வேண்டியிருக்கிறது. விற்பவருக்கு விற்க அனுமதி இருக்கிறதா? அவர் பின்னால் நிற்கும் கம்பெனிக்கு இன்சூரன்ஸ் லைசன்ஸ் இருக்கிறதா? முதலாவதை மட்டும் பார்த்துவிட்டு நிம்மதியாகிவிடுகிறோம். ஏமாற்றம் பெரும்பாலும் இரண்டாவதில்தான் இருக்கிறது.

எச்சரிக்கை அறிக்கையில் என்ன இருக்கும்? அதை எப்படிப் படிப்பது?

எஃப்.எஸ்.சி.ஏ. தன் இணையதளத்தில் பொது எச்சரிக்கைகளைத் தேதிவாரியாக வெளியிடுகிறது. பத்திரிகைகளும் வானொலியும் அதை எடுத்துச் சொல்கின்றன. ஒரு பக்கத்துக்குள் முடிந்துவிடும் சின்ன அறிக்கைதான். ஆனால் ஒவ்வொரு வரியையும் நிதானமாகப் படிக்க வேண்டும்.

முதல் வரியில் பெயர் இருக்கும்: ஆளின் பெயர், கம்பெனி பெயர், சில சமயம் அவர்கள் பயன்படுத்தும் வாட்ஸ்அப் அல்லது டெலிகிராம் குழுவின் பெயர். அடுத்து, இவர்களோடு பணம் சம்பந்தமான எந்தத் தொடர்பும் வைத்துக்கொள்வதில் கவனமாக இருங்கள் என்று ஒரு வாக்கியம் வரும். அதற்குப் பிறகுதான் விஷயம். 'இவர்களுக்கு லைசன்ஸ் இல்லை' என்றிருந்தால் அது உறுதியான தகவல், பதிவேட்டைப் பார்த்துச் சொல்வது. 'சந்தேகிக்கிறோம்', 'தெரியவருகிறது' என்றிருந்தால் விசாரணை இன்னும் முடியவில்லை. 'தொடர்புகொண்டோம், பதில் வரவில்லை' என்ற வரி வந்தால் அங்கே கொஞ்சம் நின்று யோசியுங்கள். நேர்மையாகத் தொழில் செய்பவர் எவரும் தன்னைக் கண்காணிக்கும் அமைப்பின் கடிதத்துக்குப் பதில் போடாமல் இருக்க மாட்டார்.

இன்னொரு வகை அறிக்கையும் உண்டு. அதில் பெயர் சொல்லப்படும் கம்பெனி நல்ல கம்பெனி. அதன் பெயரையும் எண்ணையும் வேறு யாரோ திருடிப் பயன்படுத்துகிறார்கள் என்பதே செய்தி. இதைப் பாதி படித்துவிட்டு, 'அந்தக் கம்பெனி திருட்டுக் கம்பெனியாம்' என்று குடும்பக் குழுவில் அனுப்பிவிடுகிறார்கள். அப்புறம் நல்ல பாலிசியை ஒரு பாட்டி நிறுத்திவிடுவார். கட்டி முடித்த காத்திருப்புக் காலம் (பாலிசி தொடங்கியதும் கிளெய்ம் கேட்க முடியாத முதல் சில மாதங்கள்) எல்லாம் வீணாகிவிடும். முழுசாகப் படித்த பிறகே அனுப்புங்கள்.

எச்சரிக்கை என்பது தீர்ப்பு அல்ல. விசாரணை முடிந்தபின் எஃப்.எஸ்.சி.ஏ. அபராதம் விதிக்கலாம், லைசன்ஸை நிறுத்தி வைக்கலாம் அல்லது ரத்து செய்யலாம், ஆளைத் தொழிலிலிருந்து விலக்கலாம். பாதிக்கப்பட்டதாக நினைப்பவர் ஃபைனான்ஷியல் சர்வீசஸ் டிரிப்யூனலில் மறுபரிசீலனை கேட்கலாம். ஏப்ரல் முதல் மார்ச் வரையிலான தன் நிதியாண்டில் என்னென்ன நடவடிக்கை எடுத்தது என்பதையும் எஃப்.எஸ்.சி.ஏ. தொகுத்து வெளியிடுகிறது.

பட்டியலில் பெயர் இல்லை. அப்படியானால் நம்பிப் பணம் கட்டலாமா?

கூடாது. இந்த ஒரு பதிலை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டாலும் போதும்.

எச்சரிக்கை எங்கிருந்து பிறக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் யாரோ ஒருவர் கொடுத்த புகாரிலிருந்து. பணம் கட்டினேன், கிளெய்ம் போட்டேன், ஆளைக் காணோம் என்று ஒருவர் எழுதுகிறார். எஃப்.எஸ்.சி.ஏ. பதிவேட்டைப் பார்க்கிறது, ஆளைத் தொடர்புகொள்கிறது, அப்புறம் அறிக்கை வருகிறது. எந்த ஊரில் யாரும் புகார் கொடுக்கவில்லையோ அந்த ஊர் மோசடிக்காரர் பெயர் பட்டியலில் இருக்காது.

நம் ஆட்கள் புகார் கொடுப்பதில்லை. ஏமாந்தது வெளியே தெரிந்தால் அவமானம். ஏமாற்றியவர் கோயிலில் கூட நிற்பவர், காவடிக்குச் சந்தா கொடுத்தவர், மகன் கல்யாணத்துக்கு வந்து மொய் எழுதியவர். 'போகட்டும், ஆண்டவன் பார்த்துக்கொள்வான்' என்று விட்டுவிடுகிறோம். அடுத்த தெருவில் அதே ஆள் அதே ரசீது புத்தகத்தோடு இன்னொரு வீட்டுக் கதவைத் தட்டுகிறார். அந்த வீட்டுக்காரர் இணையதளத்தில் தேடிப் பார்க்கிறார், எச்சரிக்கை எதுவும் இல்லை, நம்பிக் கட்டுகிறார். நம் மௌனம் அவருக்குக் கிடைக்க வேண்டிய எச்சரிக்கையைப் பறித்துவிட்டது.

ஏஜென்ட் எஃப்.எஸ்.பி. எண் காட்டினார். அது போதாதா?

பணம் சம்பந்தப்பட்ட சேவை விற்பவர்கள் 2002ஆம் ஆண்டின் ஃபைஸ் சட்டப்படி லைசன்ஸ் எடுக்க வேண்டும், அல்லது லைசன்ஸ் எடுத்த ஒருவரின் பிரதிநிதியாக இருக்க வேண்டும். அந்த லைசன்ஸ் எண்ணைத்தான் எஃப்.எஸ்.பி. எண் என்கிறோம். லைசன்ஸ் இல்லாமல் விற்பது குற்றம். ஒரு கோடி ராண்ட் வரை அபராதமோ, 10 ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம்.

ஆனால் எண் என்பது அட்டையில் அச்சடித்த சில இலக்கங்கள். யாரும் அச்சடிக்கலாம். எஃப்.எஸ்.சி.ஏ. இணையதளத்தில் லைசன்ஸ் உள்ளவர்களைத் தேடும் பக்கத்தில் அந்த எண்ணைப் போடுங்கள். வருகிற விவரத்தை இப்படிப் பாருங்கள்.

பெயர் சரியாகப் பொருந்துகிறதா? அட்டையில் ஒரு பெயர், பதிவேட்டில் கிட்டத்தட்ட அதே மாதிரி இன்னொரு பெயர் என்றால் அங்கேயே நிறுத்துங்கள். அடுத்தது நிலை. லைசன்ஸ் நடப்பில் இருக்கிறதா, காலாவதியா, நிறுத்தி வைக்கப்பட்டதா, ரத்தா என்று அதில் எழுதியிருக்கும். ஐந்து வருடம் முன்பு ரத்தான எண்ணை இன்னும் கார்டில் வைத்துக்கொண்டு திரிகிறவர்கள் உண்டு. அப்புறம், எந்தெந்தப் பொருளை விற்க அனுமதி என்ற பட்டியல். இதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. ஒருவருக்கு வேறு ஏதோ விற்க அனுமதி இருக்கும், ஃபியூனரல் பாலிசிக்கு இருக்காது. லைசன்ஸ் உண்மையானதாகவே இருந்தும் உங்களிடம் விற்றது அனுமதியில்லாத பொருளாகிவிடும்.

கடைசியாக, பதிவேட்டில் உள்ள தொலைபேசி எண்ணை அழைத்து, 'இந்தப் பெயரில் ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்தார், உங்கள் ஆள்தானா?' என்று கேளுங்கள். ஏஜென்ட் கொடுத்த எண்ணை அழைக்காதீர்கள். அந்த எண்ணில் யார் எடுப்பார் என்பதை அவரே ஏற்பாடு செய்திருக்கலாம்.

இணையம் வராதவர்கள் 0800 20 3722 என்ற இலவச எண்ணை அழைக்கலாம். கடைசி நான்கு இலக்கங்கள் ஃபோன் பொத்தான்களில் எஃப், எஸ், சி, ஏ எழுத்துகளுக்கு உரியவை, மறக்காது.

எங்கள் ஏரியா ஃபியூனரல் பார்லருக்கு இருபது வருடமாகக் கட்டுகிறோம். அவர்களையும் சந்தேகப்பட வேண்டுமா?

சந்தேகப்பட வேண்டாம், சரிபாருங்கள். இரண்டும் வேறு.

இறுதிச் சடங்கை நடத்தித் தரும் ஒரு பார்லர் 'மாதம் இவ்வளவு கட்டுங்கள், சாவு விழுந்தால் எல்லாச் செலவும் எங்களுடையது' என்று சொன்னால் சட்டத்தின் கண்ணில் அது இன்சூரன்ஸ். இன்சூரன்ஸ் என்றால் பார்லரே லைசன்ஸ் எடுத்திருக்க வேண்டும், இல்லை லைசன்ஸ் உள்ள ஒரு இன்சூரன்ஸ் கம்பெனி அந்தப் பாலிசியின் பொறுப்பை ஏற்றிருக்க வேண்டும். 2017ஆம் ஆண்டு இன்சூரன்ஸ் சட்டம் மைக்ரோ இன்சூரன்ஸ் என்று சின்ன நிறுவனங்களுக்கும் ஒரு வழி திறந்தது. அந்த வழியில் வந்தவர்கள் இருக்கிறார்கள், வராமலே பணம் வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். எஃப்.எஸ்.சி.ஏ. பார்லர்களைப் பற்றி மறுபடி மறுபடி எச்சரிப்பது இதனால்தான்.

பின்னால் கம்பெனி இல்லாத பார்லர் பல வருடம் நன்றாகவே நடக்கும். இன்று கட்டுகிறவர் பணத்தில் இன்றைய சாவுக்குச் செலவு செய்வார்கள். கட்டுகிறவர்கள் முதுமையடைவார்கள், ஒரே மாதத்தில் சாவுகள் அதிகமாகும், அல்லது கோவிட் மாதிரி ஒன்று வரும். அப்போது கையில் ஒன்றும் இருக்காது. அந்தப் பார்லர்காரர் நல்ல மனிதராகவே இருக்கலாம். நல்ல மனிதர் என்பதால் பணம் வந்துவிடாது.

இன்னொரு விதம் இன்னும் மோசம். கம்பெனி உண்மையிலேயே இருக்கும். பார்லர் முந்நூறு பேரிடம் வசூலித்துவிட்டு நூறு பேர் பெயரை மட்டும் கம்பெனிக்கு அனுப்பும். மீதிப் பணம் எங்கே போகிறது என்று சொல்லத் தேவையில்லை. காகிதத்தில் கம்பெனி பெயர் இருக்கிறது, லைசன்ஸ் இருக்கிறது, எல்லாம் சரி. உங்கள் பெயர்தான் அங்கே இல்லை.

ஆகவே நான் எல்லோரிடமும் சொல்வது ஒன்று. பாலிசி காகிதத்தில் பொறுப்பேற்கும் கம்பெனியின் பெயர் எழுதியிருக்கும். பெரும்பாலும் கடைசிப் பக்கத்தின் அடியில், மூக்குக்கண்ணாடி போட்டால்தான் தெரியும் எழுத்தில். அந்தக் கம்பெனியை நேரடியாக அழையுங்கள். உங்கள் ஐ.டி. எண்ணைச் சொல்லி மூன்று விஷயம் கேளுங்கள்: என் பெயரில் பாலிசி இருக்கிறதா, அதில் யார் யார் பெயர் சேர்ந்திருக்கிறது, எந்த மாதம் வரை பிரீமியம் வந்து சேர்ந்திருக்கிறது. பேசியவர் பெயரையும் தேதியையும் அந்தக் காகிதத்திலேயே எழுதி வையுங்கள். வருடத்துக்கு ஒரு முறை செய்தால் நல்லது. பார்லர்காரர் நேர்மையானவர் என்றால் இதற்காகக் கோபப்பட மாட்டார்.

காகிதமே தரவில்லை, சின்ன நோட்டில் மாதாமாதம் சீல் மட்டும் குத்துகிறார்கள் என்றால்? அடுத்த மாதம் பணம் கொடுக்கும்போது பாலிசி காகிதத்தைக் கையில் கேளுங்கள். 'அடுத்த மாதம் தருகிறோம்' என்ற பதில் இரண்டாம் முறையும் வந்தால் எஃப்.எஸ்.சி.ஏ.வை அழையுங்கள்.

ஃபியூனரல் பாலிசியில் சட்டம் நமக்குத் தரும் உரிமைகள் என்ன? அதைத் தெரிந்தால் மோசடியைக் கண்டுபிடிக்கலாமா?

கண்டிப்பாக. சட்டம் சொல்வதற்கு மாறாகப் பேசுகிறவரே முதல் அடையாளம்.

நம் வழக்கத்தில் உடலை நாள்கணக்கில் வைத்திருப்பதில்லை. கிளேர் எஸ்டேட் தகன மேடைக்கு நேரம் வாங்க வேண்டும், வீட்டுக்கு வருகிறவர்களுக்குச் சாப்பாடு போட வேண்டும், பதினாறாம் நாள் கருமாதி இருக்கிறது. பணம் உடனே வேண்டும். இதற்காகவே பாலிசிதாரர் பாதுகாப்பு விதிகள் ஒரு கெடு வைத்திருக்கின்றன. கேட்ட காகிதங்கள் எல்லாம் கைக்கு வந்த 2 வேலை நாட்களுக்குள் கம்பெனி முடிவு சொல்ல வேண்டும். கொடுக்கிறோம், மறுக்கிறோம், அல்லது இன்ன காரணத்தால் விசாரிக்கிறோம் என்று ஏதாவது ஒன்று. இயற்கை மரணத்துக்கான காத்திருப்புக் காலம் 6 மாதத்துக்கு மேல் போகக் கூடாது. விபத்தில் இறந்தால் காத்திருப்பே கிடையாது. பாலிசி காகிதம் கைக்கு வந்து 31 நாளுக்குள் வேண்டாம் என்று திருப்பிக்கொடுக்கலாம்.

சட்டப்படி ஃபியூனரல் பாலிசிக்கு ஒரு உச்சவரம்பும் இருக்கிறது, ஒருவருக்கு ஒரு லட்சம் ராண்ட். 'ஃபியூனரல் பாலிசியிலேயே ஐந்து லட்சம் தருகிறோம், மாதம் எண்பது ராண்ட் போதும்' என்று ஒருவர் சொன்னால் அவரிடம் எண்ணைக்கூடச் சரிபார்க்க வேண்டாம், கதவைச் சாத்திவிடுங்கள்.

எங்கே, எப்படிப் புகார் கொடுப்பது?

யார் என்ன செய்தார் என்பதைப் பொறுத்தது.

லைசன்ஸ் இல்லாமல் விற்கிறார்கள், பொய் எண் காட்டுகிறார்கள் என்றால் எஃப்.எஸ்.சி.ஏ.விடம் கொடுங்கள். பணமும் போய்விட்டது என்றால் கூடவே போலீஸ் ஸ்டேஷனில் வழக்குப் பதிவு செய்து, வழக்கு எண் வாங்கிக்கொள்ளுங்கள். எஃப்.எஸ்.சி.ஏ.வுக்கு எழுதும்போது அந்த எண்ணையும் சேர்க்கலாம்.

லைசன்ஸ் உள்ள கம்பெனி கிளெய்மை மறுத்தது, தாமதிக்கிறது என்றால் முதலில் கம்பெனிக்கே எழுத்தில் புகார். தீராவிட்டால் நேஷனல் ஃபைனான்ஷியல் ஓம்புட். ஓம்புட் என்றால் வாடிக்கையாளர் புகாரைக் கேட்டுத் தீர்த்து வைக்கும் அலுவலகம். ஆயுள் இன்சூரன்ஸ், பொது இன்சூரன்ஸ், வங்கி, கடன் என்று தனித்தனியாக இருந்த நான்கு ஓம்புட் அலுவலகங்கள் 2024 மார்ச் 1 முதல் ஒன்றாகிவிட்டன. எண் 0860 800 900, கட்டணம் கிடையாது. ஏஜென்ட் தப்பான ஆலோசனை சொல்லி விற்றார் என்றால் ஃபைஸ் ஓம்புட், அது தனி அலுவலகம்.

புகாரில் உணர்ச்சியைக் குறைத்து விவரத்தைக் கூட்டுங்கள். யார், எப்போது, எவ்வளவு, எந்தக் கணக்குக்கு, யார் பெயரில். ரசீதுகளின் படம், வாட்ஸ்அப் உரையாடல், வங்கி ஸ்டேட்மென்ட். 'எங்களை நாசம் செய்துவிட்டான்' என்று ஒரு பக்கம் எழுதுவதைவிட, 'மார்ச் 3 அன்று 450 ராண்ட், இந்தக் கணக்கு எண்ணுக்கு' என்ற ஒரு வரிக்கு பலம் அதிகம். தயவுசெய்து வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள். கோபத்தில் ஆளை பிளாக் செய்து உரையாடலையும் நீக்கிவிட்டு வருகிறார்கள், நான் பார்க்கையில் ஒன்றும் மிச்சம் இருப்பதில்லை.

பாட்டிக்கு இங்கிலீஷ் எழுத வராது. தமிழில் கொடுக்கலாமா?

அரசியல் சட்டத்தின் 6ஆம் பிரிவு, மேம்படுத்தி மதிக்க வேண்டிய மொழிகளில் தமிழையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. ஆனால் அது ஆட்சிமொழி இல்லை. புகாரை இங்கிலீஷில் எழுதிக் கொடுப்பதே வேகமான வழி. பேரப்பிள்ளைகள் உட்கார்ந்து எழுதிக் கொடுங்கள். பாட்டி சொல்வதைச் சொல்லியபடி எழுதி, வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்குங்கள்.

புகார் கொடுத்தால் பணம் திரும்பக் கிடைக்குமா?

எஃப்.எஸ்.சி.ஏ. உங்களுக்காகப் பணம் வசூலித்துத் தரும் அலுவலகம் இல்லை. அது விசாரிக்கும், தண்டிக்கும், மற்றவர்களை எச்சரிக்கும். பணத்துக்கு ஓம்புட் அல்லது நீதிமன்றம். லைசன்ஸே இல்லாத ஆளிடம் ஓம்புட்டின் கையும் எட்டாது. முன்கூட்டியே சரிபாருங்கள் என்று நான் மன்றாடுவது இதற்காகத்தான்.

டெபிட் ஆர்டரில், அதாவது வங்கிக் கணக்கிலிருந்து மாதாமாதம் தானாகப் பணம் எடுக்கும் ஏற்பாட்டில், சம்மதமில்லாமல் பணம் எடுக்கிறார்கள் என்றால் நிலைமை கொஞ்சம் நல்லது. உடனே வங்கியில் ஆட்சேபம் போடுங்கள், தள்ளிப்போடாதீர்கள். நாள் ஆக ஆகத் திரும்ப வாங்குவது கடினமாகும்.

ஒருவர் அழைத்து, 'எஃப்.எஸ்.சி.ஏ.விலிருந்து பேசுகிறோம், நீங்கள் இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம், முதலில் கட்டணம் அனுப்புங்கள்' என்றார்.

மோசடி. ஃபோனை வையுங்கள். தன் பெயரையும் முத்திரையையும் இப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று எஃப்.எஸ்.சி.ஏ.வே எச்சரித்திருக்கிறது. ஒரு முறை ஏமாந்தவர்களின் எண் இந்த ஆட்களுக்குள் கைமாறுகிறது. பணம் போன வேதனையில் இருப்பவர் இரண்டாம் முறை நம்புவது எளிது. வீட்டில் யாராவது ஏமாந்திருந்தால் அவர்களைத் திட்டாமல் இதை முதலில் சொல்லி வையுங்கள்.

கம்பெனி என் கிளெய்மை மறுத்துவிட்டது. இதுவும் மோசடிதானே?

மறுப்பெல்லாம் மோசடி அல்ல. 2021 ஜூலைக் கலவரத்தில் கடை எரிந்தவர்களுக்கு நேர்ந்ததைப் பாருங்கள். கலவரச் சேதத்தைச் சாதாரணப் பாலிசி ஏற்பதில்லை. அதற்கென்றே 1979இல் தொடங்கிய சஸ்ரியா என்ற அரசு நிறுவனம் இருக்கிறது, அதற்குத் தனியாகப் பிரீமியம் கட்ட வேண்டும். அந்தக் கவரேஜ் இல்லாத கடைக்காரருக்கு அவருடைய கம்பெனி மறுத்தால் அது மோசடி இல்லை. ஆனால் ஏஜென்ட், 'எல்லாமே இதில் அடக்கம்' என்று சொல்லி விற்றிருந்தால் ஏஜென்ட் மேல் ஃபைஸ் ஓம்புட்டிடம் போகலாம். கட்டிய சஸ்ரியா பிரீமியத்தை ஏஜென்ட் அனுப்பவே இல்லை என்றால் அது திருட்டு, எஃப்.எஸ்.சி.ஏ.வுக்கும் போலீசுக்கும் உரியது. ஒரே எரிந்த கடைதான், மூன்று வேறு வாசல்கள்.

மறுப்புக் கடிதத்தில் காரணம் எழுதியிருக்க வேண்டும். உங்கள் தரப்பைச் சொல்லக் குறைந்தது 90 நாள் அவகாசம் உண்டு. வாய்வார்த்தையாக 'கிடைக்காது' என்று சொன்னால் ஏற்காதீர்கள், கடிதம் கேளுங்கள்.

கார் இன்சூரன்ஸில் என்ன நடக்கிறது?

இந்த நாட்டில் சொந்தக் காருக்கு இன்சூரன்ஸ் கட்டாயம் இல்லை. விபத்தில் அடிபட்டவர்களுக்கு எரிபொருள் வரியிலிருந்து ரோடு ஆக்ஸிடென்ட் ஃபண்ட் கொடுக்கிறது, வண்டிச் சேதத்துக்கு அல்ல. ஆகையால் ரோட்டில் யாரும் உங்கள் பாலிசியைக் கேட்டுச் சரிபார்ப்பதில்லை. போலிப் பாலிசி வருடக்கணக்கில் வெளியே தெரியாமல் இருக்கும், வண்டி மோதிய அன்று தெரியவரும். இங்கேயும் கம்பெனியை நேரடியாக அழைப்பதுதான் வழி.

பாலிசி எடுத்தவர்களே செய்யும் மோசடி பற்றியும் சொல்லுங்கள்.

ஆயுள் இன்சூரன்ஸ் கம்பெனிகளின் சங்கமான அசிசா ஆண்டுதோறும் தன் உறுப்பினர்கள் கண்டுபிடித்த மோசடிகளின் கணக்கை வெளியிடுகிறது. அது அரசு அமைப்பு அல்ல, கம்பெனிகள் தரப்புக் கணக்கு. அதை மனதில் வைத்துப் படிக்க வேண்டும். வருடா வருடம் எண்ணிக்கையில் முதலிடம் ஃபியூனரல் பாலிசிக்குத்தான். ரத்தப் பரிசோதனை கிடையாது, மருத்துவர் பார்ப்பதில்லை, பணம் சீக்கிரம் கிடைக்கிறது. நல்லவர்களின் வசதிக்காக வைத்தவை எல்லாம் கெட்டவர்களுக்கும் வசதி. சாகாதவருக்குப் பொய்யான மரண அறிவிப்புப் படிவம், சாகக் கிடப்பவர் பேரில் ஐந்தாறு பாலிசி, யாரும் உரிமை கோராத உடலைச் சொந்தக்காரர் என்று காட்டுவது எல்லாம் நடந்திருக்கிறது.

இதன் கொடூரமான எல்லையை நாடு 2021இல் பார்த்தது. ரோஸ்மேரி நட்லோவு என்ற முன்னாள் போலீஸ் அதிகாரிக்கு இன்சூரன்ஸ் பணத்துக்காகக் காதலரையும் உறவினர் ஐந்து பேரையும் கொன்றதற்கு ஆறு ஆயுள் தண்டனை கிடைத்தது. இறந்தவர்களுக்குத் தங்கள் பேரில் எத்தனை பாலிசி ஓடுகிறது என்பது தெரிந்திருக்குமோ என்னவோ.

ஆகவே ஐ.டி. நகலை யார் கேட்டாலும் கொடுத்துவிடாதீர்கள். 'சும்மா, ஃபார்முக்கு வேண்டும்' என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டாலும் எதற்கு என்று கேளுங்கள். ஐ.டி. தொலைந்தால் சதர்ன் ஆஃப்ரிக்கன் ஃப்ராட் பிரிவென்ஷன் சர்வீஸ் என்ற அமைப்பில் இலவசமாகப் பதிந்து வைக்கலாம். உங்கள் பெயரில் யாராவது விண்ணப்பித்தால் அதன் உறுப்பினர் நிறுவனங்கள் கூடுதலாகச் சரிபார்க்கும்.

'டிபார்' செய்யப்பட்டவர் என்றால் என்ன?

நேர்மையில்லை அல்லது தகுதியில்லை என்று பணத்துறை ஆலோசனைத் தொழிலிலிருந்து விலக்கப்பட்டவர். அவர் வேலை செய்த நிறுவனமும் விலக்கலாம், எஃப்.எஸ்.சி.ஏ.வும் விலக்கலாம். பெயர்ப் பட்டியல் எஃப்.எஸ்.சி.ஏ. தளத்தில் தேடக் கிடைக்கிறது. கம்பெனியை மட்டும் தேடாமல் வீட்டுக்கு வந்த ஆளின் பெயரையும் அங்கே போட்டுப் பாருங்கள்.

மெடிக்கல் எய்ட் புகாரையும் எஃப்.எஸ்.சி.ஏ.விடம் கொடுக்கலாமா?

இல்லை. மெடிக்கல் எய்டுக்கு, அதாவது மாதம் கட்டி மருத்துவச் செலவுக்குப் பணம் பெறும் திட்டங்களுக்கு, கவுன்சில் ஃபார் மெடிக்கல் ஸ்கீம்ஸ் என்ற தனிக் கண்காணிப்பு அமைப்பு.

அதைப் பற்றி நம் சமூகம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று இருக்கிறது. மோசடியைத் தேடுவதாகச் சொல்லி மெடிக்கல் எய்ட் திட்டங்கள் கறுப்பின, இந்திய வம்சாவளி மருத்துவர்களையும் மருந்தாளுநர்களையும் அதிகமாகக் குறிவைக்கின்றன, பணத்தைப் பிடித்தம் செய்கின்றன என்று புகார் எழுந்தது. அந்தக் கவுன்சில் 2019இல் வழக்கறிஞர் டெம்பெக்கா ங்குகைடோபி தலைமையில் விசாரணைக் குழுவை அமைத்தது. இடைக்கால அறிக்கை 2021 ஜனவரியில் வந்தது, இறுதி அறிக்கை 2025 ஜூலையில். 2012 முதல் 2019 வரை இனப் பாகுபாடு நடந்திருக்கிறது என்பதே முடிவு. கண்காணிப்பு அமைப்பு மோசடிக்காரரைப் பற்றி மட்டும் எழுதினால் போதாது, மோசடியைத் தேடுகிறவர்கள் எப்படித் தேடுகிறார்கள் என்றும் எழுத வேண்டும். இதுவும் ஒரு சில மருத்துவர்கள் வாயைத் திறந்து புகார் கொடுத்ததால்தான் வெளியே வந்தது.

புகார் கொடுத்தால் ஏரியாவில் பகை வராதா?

வரலாம், அதை மறைக்க மாட்டேன். எஃப்.எஸ்.சி.ஏ. எச்சரிக்கைகளில் புகார் கொடுத்தவர் பெயரைப் போடுவதில்லை. ஆனால் சின்ன ஏரியாவில் யார் என்று ஊகிப்பார்கள். ஒரே ஆளிடம் ஏமாந்த மூன்று நான்கு குடும்பங்கள் பேசிவைத்துக்கொண்டு ஒரே வாரத்தில் தனித்தனியாகப் புகார் கொடுங்கள். ஒருவர் தலையில் மட்டும் பாரம் விழாது, விசாரணைக்கும் வலு கூடும்.

நான் பாலிசி எடுக்கும்போது சர்க்கரை வியாதி இருப்பதைச் சொல்லவில்லை. ஏஜென்ட்தான் வேண்டாம் என்றார். இப்போது பயமாக இருக்கிறது.

இந்தக் கேள்வியைக் கதவைச் சாத்திவிட்டு மெதுவாகக் கேட்பார்கள். பயப்படாமல் கேளுங்கள்.

முதலில், கேட்டார்களா என்று பாருங்கள். பல ஃபியூனரல் பாலிசிகளில் உடல்நலக் கேள்வியே கிடையாது. கேட்காததைச் சொல்லவில்லை என்றால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. ஆயுள் பாலிசியில் கேட்டு, 'இல்லை' என்று எழுதியிருந்தால் விஷயம் வேறு. சொல்லாமல் விட்டது கம்பெனியின் முடிவைப் பெரிதாக மாற்றியிருக்கும் என்றால் அதை வைத்துக் கிளெய்மை மறுக்கச் சட்டம் இடம் தருகிறது. உங்கள் மறைவுக்குப் பிறகு பிள்ளைகள்தான் அந்தக் கடிதத்தைப் பிரித்துப் படிப்பார்கள்.

இப்போதே கம்பெனிக்கு எழுத்தில் சொல்லுங்கள். பிரீமியம் கூடலாம், சில நிபந்தனை சேரலாம், பாலிசியே கைவிட்டும் போகலாம். அதையும் தெரிந்துகொண்டே செய்யுங்கள். முடிந்தால் வேறு ஏஜென்ட் ஒருவரிடம், உடல்நலக் கேள்வி இல்லாத ஃபியூனரல் பாலிசி தனியாகக் கிடைக்குமா என்று முதலில் கேட்டு வைத்துக்கொண்டு, அப்புறம் கடிதம் போடுங்கள். 'வேண்டாம், எழுதாதீர்கள்' என்று சொன்ன அந்த ஏஜென்ட்டின் பெயரை எழுதி வையுங்கள். அதே வார்த்தையை அவர் எத்தனை வீட்டில் சொல்லியிருப்பாரோ, எஃப்.எஸ்.சி.ஏ.வுக்கு அது தெரிய வேண்டும்.